நாலு விரல் மடிப்பு

மாலை வெயில் தையல் மெஷின்மேல் விழுகிறது. போன மாத வெள்ளத்தில் மகளைப் பறிகொடுத்த தையல்காரி, நாளைய பருவநிலை ஊர்வலத்துக்குப் பேனர் தைக்கிறாள். ‘நிலக்கரியை நிறுத்து’ என்று நீலத் துணியில் எழுத்து எழுத்தாக வெட்டித் தைத்து வந்தவளுக்கு, கடைசி எழுத்துக்குத் துணி பற்றவில்லை. “கோஷம் போட்டா போன புள்ள வந்துடுமா அண்ணி?” என்கிறாள் நாத்தனார், நூலைப் பல்லால் கடித்தபடி. தையல்காரி அலமாரியிலிருந்து மகளின் பள்ளிக்கூடப் பாவாடையை எடுத்து மடியில் விரிக்கிறாள். “வளர்ற புள்ளைன்னு அடியில நாலு விரல் மடிச்சு விட்டிருந்தேன்.” பிளேடால் தையலைப் பிரிக்கிறாள். பாவாடை முழுக்க வெளுத்திருக்கிறது. மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வாங்கிய அன்றைய நீலத்திலேயே இருக்கிறது. கத்திரி வைக்கக் கை வரவில்லை. வைக்கிறாள்.