நாற்பத்து மூன்று கவுன்கள்

"நாற்பத்து மூணு கவுன், வெர்னா. ஒண்ணு கூட ஊர்ல கண்ணுல படலை. எங்கே போச்சு?"

திருமதி ஹால்வர்சனின் குரல் தையல் கூடத்தின் கடைசி மிஷின் வரைக்கும் கேட்டது. பதினொரு மிஷின்களும் நின்றன.

அயோவா மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் நிலக்கரிச் சுரங்கம் மூடி நான்கு வருடம் ஆகியிருந்தது. வருமானமில்லாத வீட்டுப் பெண்களுக்காக அரசாங்கம் திறந்த கூடம் அது. அங்கே தைத்த துணி, அரசாங்க நிவாரணம் வாங்கும் வீட்டுக் குழந்தைகளுக்குப் போகும். கொண்டுபோய்க் கொடுப்பது வெர்னா பிரிட்சர்டின் பொறுப்பு.

"கொடுத்தாச்சு, மேடம்."

"யாருக்கு? நானே பள்ளிக்கூட வாசல்ல நின்னு எண்ணினேன். நூத்துப் பதினெட்டுப் பொண்ணுங்க. ஒருத்தி மேலயும் நிவாரண நீலம் இல்லை. போன வருஷம் எது நிவாரணத்துப் பிள்ளைன்னு தெருமுனையில இருந்தே தெரிஞ்சுது."

அது உண்மைதான். அரசாங்கம் அனுப்பிய துணி ஒரே நீலம். வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத நீலம்.

புகார்க் கடிதம் எழுதியவரும் மாதர் சங்கத் தலைவியான ஹால்வர்சன் அம்மாள்தான். கடிதத்தைப் படித்துவிட்டுத் தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஈகன், மேஜை மேல் ஒரு தாளை வைத்தார். வேலை நீக்கத் தாள். காரணம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"திருட்டுன்னு எழுதினா இனி எந்த அரசாங்க வேலையும் கிடைக்காது. தெரியுமா?"

"தெரியும், சார்."

ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் இந்த வேலை. வெர்னாவின் கணவனுக்குச் சுரங்கத் தூசியில் நுரையீரல் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டு. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது.

"நிவாரணம் வாங்கறவங்க பட்டியல் மாவட்ட ஆபீஸ்ல இருக்கு. எனக்கு ஒரு மணிக்கு ரயில். பக்கத்துல ஒரே ஒரு வீட்டைக் காட்டுங்க. ஒரு கவுனைக் கண்ணால பார்த்துட்டா போதும், நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

வெர்னா வாயைத் திறந்தாள்.

"நானும் கூட வரேன்," என்றார் ஹால்வர்சன் அம்மாள். "யார் வீடுன்னு ஊருக்கும் தெரியட்டும்."

வெர்னா வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்து மிஷின் ஓபல் அவள் இடுப்பில் இடித்தாள். "வாயில என்ன, ஊசியா வெச்சிருக்கே? சொல்லித் தொலையேன்டி."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை."

"பார்த்தீங்களா?" என்றார் ஹால்வர்சன் அம்மாள். "வித்துத் தின்னாச்சு. நம்ம வரிப்பணம்."

ஈகன் பேனாவைத் திறந்தார். 'தி' என்று எழுதும்போது கதவு திறந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளி விட்டிருந்தார்கள். ஹால்வர்சன் அம்மாளின் பேத்தி லோயிஸ், எட்டு வயது, பாட்டியைத் தேடி ஓடி வந்தாள். இலைப் பச்சைக் கவுன். வேலி ஆணியில் மாட்டி, கீழ் மடிப்பு ஒரு சாண் நீளம் பிரிந்து தொங்கியது.

"கிழிச்சுட்டியா? உங்கப்பா டெ மாய்ன்ஸ் நகரத்துக் கடையில வாங்கினதுன்னு உங்கம்மா எத்தனை தடவை சொன்னா? சர்க்கார் துணியா இது, இஷ்டத்துக்கு இழுக்க?"

லோயிஸ் பாட்டியைப் பார்க்கவில்லை. வெர்னாவைப் பார்த்தாள்.

வெர்னா சட்டென்று ஊசியில் நூல் கோத்துக் குழந்தையின் முன் மண்டியிட்டாள்.

"திருட்டுக் கையால தொடணுமா?" என்றார் ஹால்வர்சன் அம்மாள். ஆனாலும் தடுக்கவில்லை. இலவசத் தையல்.

வெர்னா இடது கையால் மடிப்பை மூடிக்கொண்டு தைத்தாள். கை வேகமாக ஓடியது. நூல் சிக்கி ஒரு கணம் விரல் விலகியது. மேலே நின்றிருந்த ஈகன் குனிந்து பார்த்தார். அப்படியே நின்றார்.

வெர்னா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

தையல் முடிந்தது. பல்லால் நூலைக் கடித்துவிட்டு எழுந்தாள். "போடுங்க சார், கையெழுத்து. நான் கிளம்பறேன்."

ஈகன் தாளை எடுத்து நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"புகார்ல உண்மை இல்லை. கணக்கு சரி."

"சரியா? ஒரு கவுனைக் கூடப் பார்க்காமலா?"

"பார்த்துட்டேன், மேடம்."

"எங்கே? யார் மேல?"

"நல்லாத் தைச்சிருக்காங்க," என்று மட்டும் சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஹால்வர்சன் அம்மாள் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இந்த அரசாங்கத்தில் யாரிடம் சொல்லி என்ன பயன் என்று அவர் புலம்பியது வாசல் தாண்டியும் கேட்டது.

ஓபல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள். "அந்த மனுஷன் என்னத்தைடி பார்த்தாரு?"

வெர்னா மிஷினை மிதித்தாள். அந்தச் சத்தத்தில் ஓபலுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அந்தம்மா மருமகனுக்கு ஏழு மாசமா வேலை இல்லை, ஓபல். அம்மாவுக்குத் தெரியாம அவங்க பொண்ணு நிவாரணத்துல பேர் கொடுத்திருக்கா. நீலத்தைப் பார்த்து யாரும் கேலி பண்ணக்கூடாதுன்னு நாற்பத்து மூணையும் வீட்ல வெச்சு ஒவ்வொரு நிறமாச் சாயம் ஏத்திக் கொடுத்தேன். மடிப்புக்குள்ள மட்டும் சாயம் இறங்கலை. அந்தப் பச்சைக் கவுனுக்குள்ள நம்ம நீலம் அப்படியே இருக்கு, அரசாங்க முத்திரையோட."