சரியும் குவிமாடம்

சாரத்திலிருந்து இறங்கிய ஓவியன் ஃபுல்ஜென்சியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டையான தேவாலயக் கூரையில், நிஜமாகவே குடைந்தெடுத்தது போலக் குவிமாடம் வரைந்திருக்கிறான். மொதெனா ஊரே வாயைப் பிளக்கிறது. செலவை ஏற்ற ஒர்டென்சியா சீமாட்டி மட்டும், "என் இடத்துலேருந்து பார்த்தா சரிஞ்சு விழற மாதிரி இருக்கு" என்று மூன்றாம் முறையாகப் படுத்துகிறாள்.

"அம்மா, தரையில நட்டநடுவுல வட்டக்கல் பதிச்சிருக்கேன். அது மேல நின்னு பார்த்தாத்தான் ஆழம் தெரியும்!"

"மத்தவங்க நிக்கட்டும். என் இடம் அந்த ஓரம்தான்."

"உங்க நாற்காலியை நகர்த்திப் போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

"நாற்காலியா? வாய்யா, காட்டறேன்."

ஓரத்தில் நாற்காலியே இல்லை. தரையில் புதுப் பளிங்குப் பலகை. அதில் அவள் பெயர், பிறந்த வருடம். இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"நீங்கல்லாம் ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுவீங்க. நான் மல்லாந்து படுத்துக்கிட்டு எத்தனை காலம் பார்க்கணும், சொல்லுய்யா!"