பிணம் சிரித்த காட்சி

சின்னமனூரில் எடுத்த பேய்க் காமெடிப் படம் வெளியாகி, ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. தியேட்டருக்கு வந்த தயாரிப்பு மேனேஜர் அஜய்குமாரை முருகம்மாள் வாசலிலேயே மறித்தாள். படத்தில் பிணமாக நடித்தவர் அவள் புருஷன்.

“பொணமா நடிச்சவுகளக் கடைசியில சிரிக்க வச்சும் எடுப்பீகளாமே. எங்க வீட்டுக்காரர அப்பிடி எடுத்தீகளா, சார்?”

“எடுத்தோம்மா. தோஷம் கழியணும்ல? அது படத்துல வராது. ஏன், அவருக்கு என்ன?”

“போன மாசம் நெஞ்சுவலியில போயிட்டாக.”

பழி தன் தலையில்தான் விழப்போகிறது என்று அஜய்குமாருக்குப் பயம் வந்தது. “சாமி சத்தியமா எடுத்தோம்மா...”

“நம்புறேன் சார். அந்தச் சிரிப்பை எனக்குக் குடுங்க. மாலை போட்டு மாட்ட, அவுக சிரிச்ச போட்டோ வீட்டுல ஒண்ணுகூட இல்ல.”