வெற்றுப் பக்கத்துக்கு நூறு

"ஒண்ணுமே எழுதாத பிள்ளைங்களுக்கு நூத்துக்கு நூறு. எல்லாத்தையும் நிரப்பிக் கொடுத்த என் பொண்ணுக்கு சைபர். இது எந்த ஊர் நியாயம், மேடம்?"

மதிப்பெண் அட்டையைத் தலைமையாசிரியையின் மேஜை மேல் வைத்துவிட்டு அப்பா நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வங்கிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த கோபம், அவ்வளவு லேசில் உட்காராது.

"நாலாம் வகுப்புல முப்பத்திரண்டு பேர். இவளைத் தவிர எல்லாரும் காலிப் பக்கம். அத்தனை பேருக்கும் பேட்ஜ். இன்னிக்கு மத்தியானம் அவங்கதான் ஒண்ணாம் வகுப்புக்குப் போய் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப் போறாங்களாம். இவ மட்டும் தனியா வகுப்புல உட்காரணுமாம். ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா."

தலைமையாசிரியை கம்ப்யூட்டர் மிஸ்ஸை வரச் சொன்னார்.

மிஸ் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கையில் ஒரு டேப்லெட்டோடு வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுப்பாடத்துக்காகப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போவது அது.

"பாடம் நடத்தத் தெரியலைன்னா சொல்லிடுங்க. பிள்ளைங்க வாழ்க்கையில விளையாடாதீங்க," என்றார் அப்பா.

மிஸ் டேப்லெட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுதான் சார் கேள்வித்தாள். கொஞ்சம் சத்தமா படிங்க."

"'வாழ்த்துகள். நீங்கள் ஒரு சைக்கிள் வென்றிருக்கிறீர்கள். பரிசைப் பெற, கீழே உள்ளவற்றை நிரப்பவும். பெயர். பிறந்த தேதி. வீட்டு முகவரி. அப்பாவின் போன் நம்பர். பெரியவர்கள் வீட்டில் இல்லாத நேரம்...'"

குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் இருக்கு சார்?"

"திங்கள் முதல் வெள்ளி வரை. மாலை நாலரை முதல் ஆறு வரை."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தேர்வு அவர் அனுமதியோடு வைத்ததுதான்.

"இது நானே செஞ்ச போலிப் பக்கம் சார்," என்றார் மிஸ். "இந்த டேப்லெட்டைத் தாண்டி எங்கேயும் போகாது. உங்ககிட்டக் காட்டிட்டு அழிக்கலாம்னுதான் வெச்சிருக்கேன். நிஜமாவே எவனாவது அனுப்பியிருந்தா, நாலரை மணிக்கு உங்க வீட்டுல ஒரு குழந்தை தனியா இருக்கும்னு இந்நேரம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 'யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லாதீங்க' என்று வங்கிக் கவுண்டரில் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற நாக்கு அது.

"மத்தவங்க எல்லாம் பக்கத்தை மூடிட்டு வீட்டுல பெரியவங்ககிட்டச் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் நூறு. இத்தனைக்கும் இந்தப் பாடத்துல உங்க பொண்ணுதான் கெட்டிக்காரி. எனக்கு மனசே ஆறலை சார். ஏன் நிரப்பினேன்னு கேட்டா, தலையைக் குனிஞ்சுக்கறா."

"கூப்பிடுங்க, கேட்டுடலாம்," என்றார் தலைமையாசிரியை.

பட்டாணி வந்தாள். வயசுக்கு உயரம் போதாது என்று வீட்டில் வைத்த பெயர். பள்ளிக்கூடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

"இதை யாரும்மா நிரப்பினது?"

அவள் அப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான் மேடம்."

"நிரப்பக் கூடாதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

பட்டாணி சட்டை நுனியைத் திருகினாள்.

"அப்ப பேட்ஜ் கிடையாது. சரிதானே?"

"சரி மேடம்."

கண்ணில் நீர் முட்டியது. ஆனால் ஒரு சொட்டுகூடக் கீழே விழ விடவில்லை, அழுத்தக்காரி.

அப்போதுதான் அப்பா உட்கார்ந்தார்.

"பொய் சொல்றா மேடம். நிரப்பினது நான். சனிக்கிழமை மத்தியானம் ஓடி வந்து, 'அப்பா, ஏதேதோ கேக்குது, நான் மூடிட்டேன்'னு சொன்னா. 'பள்ளிக்கூடத்து டேப்லெட்ல தப்பா ஏதாவது வருமா, மக்கு'ன்னு நான்தான் பிடுங்கித் திறந்தேன். வேணாம்பா, வேணாம்பான்னு கையைப் பிடிச்சு இழுத்தா. சைக்கிளைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு மண்ணு தெரியலை."

அட்டையை எடுத்து மிஸ்ஸிடம் நீட்டினார்.

"இந்த சைபர் என்னுது. தயவுசெஞ்சு என் பேர்ல போட்டுக்குங்க."

மிஸ் பேனாவை எடுத்து, சைபரை அடித்துவிட்டு, பக்கத்தில் நூறு என்று கொட்டை எழுத்தில் எழுதினார். முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு பேரும் தேறிவிட்டார்கள். ஆறு மாத உழைப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தலைமையாசிரியையே எழுந்து வந்து பட்டாணிக்குப் பேட்ஜைக் குத்திவிட்டார்.

"வர்ற சனிக்கிழமை பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வைக்கலாம்னு பார்க்கறேன்," என்றார்.

"முதல் பெஞ்ச் எனக்கு," என்றார் அப்பா.

பட்டாணி பேட்ஜோடு வராந்தாவில் இறங்கியதும் நாலாம் வகுப்பு ஜன்னலில் தலைகள் முளைத்தன. அடுத்த நொடி கூரையே பறந்துபோகிற மாதிரி ஒரு கூச்சல். யாரும் அதட்டவில்லை.

அப்பா அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஏம்மா, ரெண்டு நாளா மனசுக்குள்ளேயே வெச்சுப் புழுங்கியிருக்கே. அப்பாதான் செஞ்சார்னு மிஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பட்டாணி பேட்ஜை நேராக்கிக்கொண்டே சொன்னாள்:

"நம்ம வீட்டு விஷயத்தை வெளியில யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதானேப்பா பாடமே?"