ஆறு நட்சத்திரம்

மனித இனம் இதுவரை ஐந்து நட்சத்திரத்துக்குத் தகுதியான பாட்டு ஒன்றைக்கூடப் படைக்கவில்லை என்பது இனியவனின் இறுதித் தீர்ப்பு. ஒரகடத்துக் கார் கம்பெனியில் குறையுள்ள பாகங்களைக் கழித்துக்கட்டுவது அவன் வேலை. லேப்டாப்பில் சேர்த்த ஒன்பதாயிரம் பாட்டுகளுக்கும் அதே கண்டிப்போடு நட்சத்திரம் போட்டிருந்தான். எதுவும் நான்கைத் தாண்டவில்லை.

மனைவி மோகனப்ரியாவுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் அசைவு குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவள் லேப்டாப்பின் ஹெட்போனை வயிற்றில் கவிழ்த்துப் பாட்டுப் போட்டாள்.

“இன்னா, உள்ள கச்சேரியா? டிக்கெட் எவ்ளோ?” என்றான்.

“நீ போய் ஸ்டார் ஒட்டிக்கினு இரு,” என்றாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவன், தான் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒதுக்கிய பேண்டு வாத்தியப் பாட்டுக்கு ஆறு நட்சத்திரம் இருப்பதைப் பார்த்தான். அவன் நட்சத்திரம் போடும் ஆப்பில் ஐந்துக்கு மேல் போட வழியே கிடையாது. அழித்தான். ஆறும் திரும்ப வந்தன.

“நான் தொடவே இல்லப்பா. ஆனா அந்த பேண்டுக்குத்தான் புள்ள லேசா புரண்டுச்சு,” என்றாள்.

அவள் கண்ணயர்ந்ததும், இனியவன் ஹெட்போனை அவள் வயிற்றில் மெல்லக் கவிழ்த்தான். தனக்கு மிகப் பிடித்த நான்கு நட்சத்திரப் பாட்டைப் போட்டான்.

திரையில் நான்கு ஒன்றானது. ஹெட்போன் துள்ளி விழும்படி உள்ளேயிருந்து ஓர் உதை வந்தது.

அவன் மறுபேச்சில்லாமல் அடுத்த பாட்டைப் போட்டான்.