கேஸா, ஆயிலா?

"விழித்திரை பாதி பிரிஞ்சிருக்கு. கண்ணைச் சுத்தி வெளியே பட்டை கட்டுறது இதுக்குச் சரிவராது. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி, கண்ணுக்குள்ள கேஸாவது சிலிக்கான் ஆயிலாவது நிரப்பணும்" என்றேன்.

"எது சார் நல்லது?" என்று கேட்டான் மடுகரையிலிருந்து வந்திருந்த திலீப்.

"ரெண்டுமே ஒட்ட வைக்கும். கேஸ் தானா கரைஞ்சிடும். ஆனா அதுக்கு முன்னாடி ப்ளேன் ஏறினா கேஸ் விரிஞ்சு கண்ணே போயிடும். ஆயில்னா ப்ளேன்ல போகலாம். பிறகு இன்னொரு ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்."

"ஆயிலே வெச்சிடுங்க" என்று குறுக்கிட்டாள் அவன் மனைவி ரஞ்சனி. "ஞாயித்துக்கெழம இவர் மஸ்கட் திரும்பிப் போவணும். போவலன்னா வேலை போயிடும்."

"ஆமா சார், ஆயில்தான்" என்றான் அவளைப் பார்க்காமலே.

ஆபரேஷன் மேஜையில் படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கேஸ் வெச்சிடுங்க சார். அங்க திரும்பிப் போவ என்னால முடியாது. இங்கயே திருபுவனை கம்பெனில எந்த வேலைன்னாலும் பாத்துக்கறேன். நான் கேட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

கண் அவனுடையது. கேஸே வைத்தேன்.

வெளியே காத்திருந்த ரஞ்சனியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"கேஸ்தாம்மா வெச்சிருக்கேன். ரெண்டு மாசம் ப்ளேன் ஏறக்கூடாது."

கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். பொலபொலவென்று அழுதுகொண்டே கைகூப்பினாள்.

"கேஸே வெக்கச் சொல்லி நர்ஸம்மாகிட்ட ரகசியமா கெஞ்சினேன். உங்ககிட்ட சொல்லிட்டாங்களா சார்? அங்க அவர் படுற பாடு எனக்குத் தெரியும். போவ வேணாம்னு நான் சொன்னா கேக்க மாட்டார்."

என்னிடம் எந்த நர்ஸும் எதுவும் சொல்லவில்லை.

"நான் கேட்டேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க சார்" என்றாள்.