பன்னிரண்டாவது முறை

"கைய எடுங்க," என்றாள் எவலின்.

மரியராஜ் நாற்காலிப் பிடியிலிருந்து கைகளை எடுத்து மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டார். எவலின் கணவரின் முழங்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்தாள். தசை இறுகியது. ஐந்து எண்ணும்வரை இறுகியே இருந்தது.

"பாத்தியா ஜேன், ஒங்க அண்ணிய," என்றார் மரியராஜ், பக்கத்தில் இருந்த தங்கையிடம். "பரிட்சைக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு. அதுக்குள்ள இங்கயும் பயிற்சி. என்னைய ஒலிம்பிக்குக்கு அனுப்பாம விடமாட்டா போல."

"போலாம்லா அண்ணே. ஒக்காந்து எந்திரிக்கிறதுல தங்க மெடல்," என்று ஜேன் சிரித்தாள். செர்டாங்கிலிருந்து கூலிம் ஆஸ்பத்திரிவரை அவள்தான் கார் ஓட்டி வந்திருந்தாள். "ஆனா சும்மா சொல்லக்கூடாது அண்ணி. உடல்நலத்திலும் நோயிலும்னு கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல குடுத்த வாக்க நீங்கதான் காப்பாத்துறீங்க. நானா இருந்தா ரெண்டாவது மாசமே ஓடிருப்பேன்."

எவலின் கையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பாராட்டு, பக்கத்து வீட்டில் யாரோ போட்டுவிட்ட டிவி போலக் கேட்டது.

முப்பது வருடம் மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் குலை லாரி ஓட்டி, மேலேயிருந்து குதித்துக் குதித்து இறங்கி, மரியராஜின் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோயிருந்தன. வலிக்குப் பயந்து ஒரு வருடம் உட்கார்ந்தே கிடந்ததில் தொடைகள் சூம்பின. கழிவறைக்குப் போகக்கூட எவலினின் தோள் வேண்டியிருந்தது. ஃபேக்டரியில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வீட்டில் இருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பிசியோதெரபிஸ்ட் சுபாஷினியிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"யாரும் இல்லாம, அவரு ஒருத்தரே இருக்கிற அளவுக்குத் தேறுவாராம்மா?"

"தேஞ்ச முட்டி திரும்பி வளராது ஆன்ட்டி. ஆனா தொடைச் சத நல்லா இருந்தா அது முட்டியத் தாங்கிக்கும். கை ஊனாம, அரை நிமிசத்துல பன்னெண்டு தடவ எந்திரிச்சு ஒக்காந்துட்டாருன்னா, தனியா விட்டுட்டு நீங்க தைரியமா வேலைக்குப் போலாம். இல்லன்னா, எப்பவும் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்."

சுபாஷினி மரியராஜின் தொடையின் முன்பக்கத்தை விரலால் அழுத்திக் காட்டினாள். "இதுதான் ஆன்ட்டி அந்தச் சத. படி ஏற, கிளட்ச் மிதிக்க, எட்டி ஒதைக்க, எல்லாத்துக்கும் இதுதான்."

"தெரியும்," என்றாள் எவலின். அவள் கை, ஒருமுறை ஒடிந்து கூடிய தன் விலாவைத் தொட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும். முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தச் சொன்னாள். கணுக்காலில் அரிசிப் பையைக் கட்டித் தூக்கச் சொன்னாள். நாற்காலியில் மூன்று தலையணைகளைப் போட்டு எழுந்திருக்கப் பழக்கி, இரண்டு மாதத்துக்கு ஒன்றாக உருவினாள். நிற்பதும் பயிற்சிதான் என்று அடுப்படியில் நிறுத்தி, சோறு வடிக்கவும் மீன் பொரிக்கவும் கற்றுக்கொடுத்தாள்.

அவர் வலியில் கத்துவார், கெட்ட வார்த்தையில் திட்டுவார். அவர் திட்டி முடிக்கும்வரை எவலின் காத்திருந்துவிட்டு, விட்ட எண்ணிலிருந்து தொடர்வாள். கோபம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை. எண்கள் மட்டும் வந்தன.

கதவு திறந்தது. "மரியராஜ் அங்கிள், வாங்க."

உள்ளே பிடியில்லாத நாற்காலி சுவரோரம் இருந்தது. சுபாஷினி ஃபோனில் நேரத்தை வைத்தாள். "ரெடியா? ஆரம்பிங்க."

ஒன்று. இரண்டு. மூன்று. ஆறுவரை மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஏழாவதில் முழங்கால் சொடுக்கியது. ஒன்பதாவதில் மரியராஜின் முகம் சுருங்கியது.

"ஐயோ, சாக்கிட் லா... வலிக்குது..." அவருடைய வலது கை தொடையை ஊன்ற இறங்கியது.

"கை," என்றாள் எவலின்.

கை மேலே போனது. பத்து. பாதி எழுந்து அப்படியே நின்றார், தொடை நடுங்கியது. எவலின் தன் சேலை மடிப்பைப் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். பதினொன்று.

"இன்னும் அஞ்சு செகண்ட் அங்கிள்!"

பன்னிரண்டு.

ஜேன் கைதட்டினாள். சுபாஷினி அவர் தோளைத் தட்டிவிட்டு எவலினிடம், "கங்கிராட்ஸ் ஆன்ட்டி, இது ஒங்க மார்க்குதான்," என்றாள்.

"இனிமே இவரு தனியா இருக்கலாமா?"

"தாராளமா. பயிற்சிய மட்டும் விடாம செய்யச் சொல்லுங்க."

"அவரே செய்வாரு," என்றாள் எவலின். "எல்லாத்தையும் எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டேன்."

ஜேன் காரை எடுக்கப் போனாள். மரியராஜ் தடி இல்லாமல், யார் தோளும் இல்லாமல், வாசல்வரை நடந்தார். நான்கு படிகளையும் தானே இறங்கினார். கீழே நின்று திரும்பி மனைவியைப் பார்த்தபோது, அவர் கண்ணில் நீர் நின்றது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் எவலின் அதைப் பார்த்ததில்லை. பார்த்தும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை.

"வேற எவளா இருந்தாலும் என்னைய அப்படியே போட்டுட்டுப் போயிருப்பா," என்றார் மரியராஜ். "நீ எதுக்குடி எனக்கு இவ்வளவு செஞ்ச?"

எவலின் கடைசிப் படியையும் இறங்கி அவரருகில் வந்து நின்றாள்.

"இப்ப ஒங்கள விட்டுட்டுப் போனா, எனக்குப் பாவம் இல்லைங்க."